இரசாயனப் பிரிவில் இருபத்தாறு பேர்

மண்டி மொஹல்லா, மைசூர்
7 ஜூலை 1957

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் காத்ததில் சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் சமையலறை மேல் தட்டில், அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. காணவில்லை என்று நீங்கள் எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

டோரதி அண்ணி என்னைத் தம்பி மனைவியாக நடத்தவில்லை. தம் வார்டில் சேர்ந்த நோயாளியாகவே நடத்துகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து காலணியைக் கழற்றும்போதே, "ஊட்டா ஆச்சா ஹில்டா?" என்று கேட்கிறார்கள். சாப்பிட்டேன் என்றால் நம்புவதில்லை. பானையைத் திறந்து பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை வகுப்பு தொடங்கியது. இரசாயனப் பிரிவில் இருபத்தாறு பேர். ஐந்து பேர் பெண்கள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், பேராசிரியை என்று நினைத்து. நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. நாற்பத்திரண்டு வயது மாணவியை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நம் தாலுகா சென்னையை விட்டுப் பிரிந்து மைசூர் ராஜ்யத்தோடு சேராமல் இருந்திருந்தால் இந்த ஆசிரியர் பயிற்சிப் பட்டத்தை என்னிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்ன செய்வது? வரும் ஜூனுக்குள் பட்டம் இல்லையென்றால் என் இடத்தில் வேறு ஆளை வைப்பதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டாரே. பதினாறு வருஷம் நின்ற இடம். பத்து மாதம்தானே, ஓடிவிடும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஹில்டா

*

ஹனூர்
15 ஜூலை 1957

அன்புள்ள ஹில்டாவுக்கு,

இங்கு சுகம். முழங்கால் பரவாயில்லை. தைலம் கிடைத்தது.

உன் கடிதம் வியாழனன்றே வந்துவிட்டது. மைசூர்த் தபால் பையை நான்தான் திறந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை, முத்திரை குத்தி மற்றத் தபால் கட்டோடு வைத்தேன். தபால் ஆபீஸ் குமாஸ்தா என்பதற்காக ஊராரைவிட ஒரு நாள் முந்தி என் கடிதத்தைப் படிப்பது முறையல்ல. தபால்காரன் கெம்பையன்தான் வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தான். "ஏனுங்க சாமி, நேத்துப் பூரா உங்க கைக்குள்ளாறயே இருந்த காயிதத்த, நான் மூணு பர்லாங்கு சைக்கிள் மிதிச்சுக் கொண்டாந்து குடுக்கோணுமா?" என்று கேட்டான். குடுக்கோணும் என்றேன்.

எதிர்வீட்டு ராமக்காள் இரண்டு நாள் களியும் கீரையும் கொடுத்தாள். கூடவே பேச்சும் கொடுத்தாள். "நாப்பது வயசுக்கு மேல பொம்பள பள்ளிக்கோடத்துக்குப் போயிட்டா, ஊட்டுல ஒல வெக்கறது ஆருங்க?" நான்தான் வைக்கிறேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் ஓடிவிட்டது.

மாலையில் வீடு பெரிதாக இருக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

உன்,
இஸ்ரவேல்

*

மைசூர்
25 ஆகஸ்ட் 1957

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் அண்ணியும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். மழை பிடித்துக்கொண்டது, ஒரே குடையில் நானும் பஞ்சவர்ணமும் கல்லூரிக்குப் போகிறோம். போனோம் என்று எழுத வேண்டும். அவள் நேற்றோடு நின்றுவிட்டாள்.

இந்த மாதத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். விலகுகிறவர்கள் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூவரும் 'குடும்பச் சூழ்நிலை' என்றே எழுதியிருக்கிறார்கள். முதலாமவர் அப்படி எழுதினார் என்று அடுத்தவரும் அப்படியே எழுதிவிடுவார் போலிருக்கிறது.

பசவராஜ் போனது பத்ராவதியில் இரும்பு ஆலைச் சோதனைச் சாலையில் வேலை கிடைத்ததால். அங்கே இரசாயனம் தெரிந்தால் போதும், யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சிவமொக்கா பையன் ஒருவன் இன்ஜினீயரிங்கில் இடம் கிடைக்கும்வரை இங்கே உட்கார்ந்திருந்தான். கிடைத்தது, எழுந்து போய்விட்டான். பஞ்சவர்ணம் போனது ஒரு வாசனையால். செய்முறை வகுப்பில் ஒரு வாயு தயாரிக்கிறோம், அழுகிய முட்டை நாற்றம். புடவையிலும் தலைமுடியிலும் ஏறினால் இறங்குவதில்லை. அவள் புருஷன் வீட்டார் சுத்த சைவம். மாமியார் மூன்று நாள் அவளைச் சமையலறைக்குள் விடவில்லையாம். "வெளியில என்னத்தையோ சாப்டுட்டு வர்றேன்னு நினைக்கறாங்க அக்கா. பாடம்னு சொன்னா நம்பல. நீங்க வந்து சொன்னாலும் நம்ப மாட்டாங்க" என்றாள். நான் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

இப்போது குடை முழுவதும் எனக்கே.

ஹில்டா

*

ஹனூர்
10 செப்டம்பர் 1957

அன்புள்ள ஹில்டாவுக்கு,

இங்கு நலம், உன் நலம் வேண்டுகிறேன்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பசவராஜைத் தெரிந்துகொண்டேன். பஞ்சவர்ணத்துக்காக வருத்தப்பட்டேன். உன்னைத் தேடிப் பார்த்தேன், குடைக்கு அடியில்தான் இருந்தாய்.

நீ எப்படிப் படிக்கிறாய்? உனக்கு அங்கே பிடித்திருக்கிறதா?

தசராவுக்கு வரும்போது கொள்ளேகாலில் மதியம் இரண்டு மணி பஸ்ஸை விட்டுவிடாதே. அதற்குப் பிறகு அன்றைக்கு வண்டி இல்லை.

இஸ்ரவேல்

*

மைசூர்
13 அக்டோபர் 1957

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமாகத் திரும்பி வந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த வேர்க்கடலையில் பாதியை அண்ணியின் ஆஸ்பத்திரித் தோழிகள் தின்றுவிட்டார்கள்.

தசராவுக்கு ஊரெல்லாம் மைசூருக்கு வர, நான் மைசூரை விட்டு ஹனூருக்கு வந்தேன் என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். ஒன்பது நாள் ஒரு நாள் போலப் போயிற்று. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரில் பதில் சொல்வேன் என்று காத்திருந்தீர்கள் என்று தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தீர்கள். நானும் சொல்லத்தான் நினைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் வகுப்பில் இன்னும் நான்கு பேரைக் காணோம். லிங்கப்பன் விடுமுறைக்குப் போனவன் போனவன்தான். அவனை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. காலையில் பல்கலைக்கழகப் பாடம், மத்தியானம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி, மாலையில் மறுநாளுக்கான பாடக் குறிப்பு. இரண்டு குதிரையில் ஒருவனை ஏற்றிவிட்ட மாதிரி. அவனுக்கு இரண்டும் வரும். இரண்டும் ஒரே நாளில் வரவில்லை.

அடுத்த வாரம் முதல் விமரிசனப் பாடம். ஒருவர் பள்ளியில் பாடம் எடுப்பார். பேராசிரியரும் மற்ற பயிற்சி மாணவர்களும் பின்னால் உட்கார்ந்து குறையெல்லாம் எழுதிக்கொள்வார்கள். என் முறை டிசம்பரில்.

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கையை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தீர்கள். ஏன் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

ஹில்டா

*

ஹனூர்
15 டிசம்பர் 1957

அன்புள்ள ஹில்டாவுக்கு,

கர்த்தர் தயவில் எல்லாம் நலம். நவம்பரில் நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து நாலு நாலு வரிதான் வந்தது. பாடம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறேன். நானேதான். சமையலறைச் சுவரில் ஒரு இடம் கொஞ்சம் நீலம் கூடிவிட்டது, வந்து திட்டு. ராமக்காள் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, புதுப் பொண்ணு வருதாட்டம் இருக்குது?" என்றாள். கிறிஸ்துமஸுக்கு உனக்காக அரிசி இடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கோவில் பாட்டுக் குழுவில் உன் இடத்தில் யாரையும் நிறுத்த வேண்டாம், வந்துவிடுவாள் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன்.

23ஆம் தேதி இரண்டு மணி பஸ். நான் நிற்பேன்.

இஸ்ரவேல்

*

மைசூர்
19 டிசம்பர் 1957

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுதவும்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. இங்கே வேலை இருக்கிறது. பாட்டுக் குழுவுக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ராமக்காளை அரிசி இடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பண்டிகை வாழ்த்துகள்.

ஹில்டா

*

மைசூர்
12 ஜனவரி 1958

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சுகமா? கிறிஸ்துமஸுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்றால் நியாயம்தான். நான் வராததற்குக் காரணத்தை இப்போது எழுதுகிறேன். எழுதி எழுதிக் கிழித்து இது நாலாவது தாள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி என் விமரிசனப் பாடம். பிராணவாயுவில் கந்தகம் எரிவது. கரும்பலகையில் படம் போட்டேன். கன்னடத்தில் தடுமாறாமல் பேசினேன். வகுப்பு என் கைக்குள் இருந்தது, அது எனக்குத் தெரியும். கந்தகத்தைப் பற்றவைப்பதற்கு முன், "இப்போது மஞ்சள் சுடர் தெரியும், கவனியுங்கள்" என்றேன். பற்றவைத்து ஜாடிக்குள் இறக்கினேன்.

நீலமாக எரிந்தது. அவ்வளவு அழகான நீலத்தை நான் பார்த்ததே இல்லை. முன்வரிசைப் பையன்கள், "நீலி, மேடம், நீலி!" என்று கத்தினார்கள். பின்னால் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும், "அம்மா, நீங்கள் இதை முன்பு செய்து பார்த்ததே இல்லையா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

செய்ததில்லை அத்தான். கல்லூரியில் எனக்குக் கணிதம்தான் முதற்பாடம், இரசாயனம் துணைப்பாடம். நாலு பேருக்கு ஒரு மேசை. ஆண்கள் குடுவையைப் பிடிப்பார்கள், நானும் இன்னொரு பெண்ணும் அவர்கள் சொல்வதை எழுதுவோம். நம் பள்ளியில் என்ன இருக்கிறது? ஒரு உடைந்த தராசு. பதினாறு வருஷமாகச் சாக்பீஸால் எரித்தேன், சாக்பீஸால் கரைத்தேன். கந்தகம் மஞ்சள், அதனால் சுடரும் மஞ்சள் என்று நானே முடிவு செய்து எத்தனை பெண்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்! இன்னும் எத்தனை பாடத்தில் எத்தனை நிறம் தப்போ.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பரிசோதனைக் கூடத்தைத் திறந்துவைக்கச் சொல்லிக் கேட்டேன். யாரும் இல்லாத கூடத்தில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஆறு சோதனைக் குழாய்களை உடைத்தேன். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

மற்றவர்கள் ஏன் போனார்கள் என்று இத்தனை மாதமாக உங்களுக்கு எழுதினேன். இப்போது நானும் விலகல் மனு எழுதி வைத்திருக்கிறேன். கைப்பையில் இருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. பிழையைத் தெரிந்துகொண்டு அந்தப் பெண்கள் முன்னால் நான் எப்படிப் போய் நிற்பது என்று இன்னொரு மனம். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். நம் சமையலறையில், நீங்கள் அதிகமாக நீலம் போட்ட அந்தச் சுவரருகே உட்கார வேண்டும். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அன்றைக்கே புறப்பட்டுவிடுவேன்.

ஹில்டா

*

ஹனூர்
24 ஜனவரி 1958
(அஞ்சலட்டை)

ஹில்டாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு சுகம். பரீட்சையை முடித்துக்கொண்டு வா.

இஸ்ரவேல்

*

மைசூர்
16 பிப்ரவரி 1958

அத்தானுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

உறை ஒட்டி எழுதக்கூட என் கடிதம் தகுதியில்லையா? அஞ்சலட்டையை இந்த மொஹல்லாவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தால்தான் என்ன, அதில் ஒன்றும் இல்லை. அண்ணி படித்துவிட்டு, "ஏனு ஹில்டா, என் தம்பி தந்தி ஆபீஸுக்கு மாறிட்டானா? வார்த்தைக்கு இவ்வளவுன்னு காசு புடிக்கறாங்களா?" என்று கேட்டார்கள். சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் கோபத்தில் மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் இராமச்சந்திரன் நின்றுகொண்டிருந்தான். என்னோடு ஒரே பள்ளியில் பயிற்சி செய்கிறவன், பாடச் சாமான் கூடையின் ஒரு பக்கக் காதை எப்போதும் பிடித்துக்கொள்கிறவன். வகுப்பிலேயே கெட்டிக்காரன். பதிவேட்டில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"உனக்கு என்னப்பா குடும்பச் சூழ்நிலை? கல்யாணம்கூட ஆகலையே" என்றேன்.

"சும்மா இருங்கம்மா. இதுல 'பயம்'னு எழுத முடியுமா?" என்றான். "லேப்ல நின்னா நாள் போறதே தெரியல. கிளாஸ்ல நாப்பது பேரு என்னைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குது. எனக்குக் கெமிஸ்ட்ரி வேணும், மேஷ்டர் உத்யோகம் பேடவே பேடா. உங்களுக்கு என்னம்மா, நீங்க வாயைத் திறந்தா அந்த ஹுடுகரு, அத்தனை பசங்களும், மூச்சு விடறதில்ல. கந்தகம் தப்பாப் போன அன்னிக்கும் ஒரு பையன் ஜன்னலைப் பார்க்கல, கவனிச்சீங்களா?"

நான் கவனித்திருக்கவில்லை.

அவனிடம் இருப்பது என்னிடம் இல்லை; என்னிடம் இருப்பதைக் கற்றுக்கொள்ள அவனால் முடியவில்லை. எனக்கு இல்லாததைக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆறு குழாய்தானே உடைந்தது. அவன் எழுதிய மை காய்வதற்குள் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். மனுவைக் கிழித்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கூடை இப்போது தனியாகத் தூக்கக் கனக்கிறது. நீங்கள் எதற்காக அப்படி ஒரு அட்டை எழுதினீர்கள் என்று இன்னும் தெரியவில்லை.

ஹில்டா

*

ஹனூர்
6 ஏப்ரல் 1958
உயிர்த்தெழுந்த பண்டிகை

அன்புள்ள ஹில்டாவுக்கு,

இதை டோரதி அக்காவின் கடிதத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். எழுத்துப் பரீட்சை முடிந்த பிறகே உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா சொன்ன சொல் காப்பாற்றுவாள். நான் சுகம். மார்ச் முழுவதும் உன் பரீட்சையைச் சாக்கிட்டு எழுதாமல் இருந்தேன். உண்மையில், பேனாவை எடுத்தால் இதைத்தான் எழுதியிருப்பேன்.

உன் ஜனவரிக் கடிதம் வந்த பை கனமாக இருந்தது. உன் உறை மேலேயே கிடந்தது. அதைத் தபால் கட்டோடு வைக்கவில்லை. உத்தியோகத்தில் முதல் தடவையாக ஒரு தபாலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பை பிரிக்கும் அறையிலேயே படித்தேன். கெம்பையன் பார்த்தும் பார்க்காதவன் போலச் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டான்.

வா என்று எழுத நினைத்தேன். எழுதுவானேன், நேரிலேயே போய் அழைத்து வந்துவிடலாம் என்று 21ஆம் தேதி செவ்வாய்க்கிழமை லீவு போட்டு மைசூருக்கு வந்தேன். ஆம், வந்தேன். நீ பயிற்சி செய்யும் பள்ளி தேவராஜ மொஹல்லாவில் என்று எழுதியிருந்தாயே, விசாரித்துக்கொண்டு போய் வாசலுக்கு எதிரே, வாழை இலைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த ஒரு கடையோரம் நின்றேன்.

நாலரை மணிக்கு நீ வந்தாய். ஒரு பிள்ளை கூடையின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தான். "ஆட்டாதேப்பா, ஆசிட் இருக்கு!" என்றாய். "நான் எங்கம்மா ஆட்டறேன், நீங்கதான் ஓடறீங்க" என்றான் அவன். உன் விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது. தெருவில் வண்டிகள் நெரிந்தன. நீ நடுவில் போய் நின்று ஒரு கையைத் தூக்கினாய். ஒரு குதிரை வண்டி நின்றது. பின்னால் வந்த கட்டை வண்டியும் நின்றது. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாய். ஹனூரில் இரண்டு ஆடு வந்தாலும் என் பின்னால் ஒதுங்குகிறவள் நீ.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டால் நீ வந்துவிடுவாய் என்பது கடிதத்தில் இருந்தது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இலைக்காரர், "ஏனு சாமி, இலை வேணுமா வேண்டாமா?" என்றார். ஒரு கட்டு வாங்கினேன். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஊருக்கு வந்து உறையில் எழுத உட்கார்ந்தேன். உறைக்குள் எழுதினால் எல்லாம் எழுதிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அட்டையில் இடம் குறைவு. அதனால் அட்டை.

உன்,
இஸ்ரவேல்

*

மைசூர்
13 ஏப்ரல் 1958

அன்புள்ள அத்தானுக்கு,

எழுத்துப் பரீட்சை நேற்று முடிந்தது. பன்னிரண்டு பேர் எழுதினோம். அண்ணி ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார்கள். நாலு நாளாகத் தலையணைக்கடியில் வைத்திருந்ததாகச் சொன்னார்கள். செய்முறைத் தேர்வு 24ஆம் தேதி. 26 சனிக்கிழமை வந்துவிடுவேன். உங்கள் முழங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம் என்று எழுத நினைத்தேன். வாருங்கள்.

இன்று ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அந்தத் தெருவுக்குப் போனேன். பள்ளி வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்தேன். இலைக்கடை இருக்கிறது. இருபது தப்படிகூட இல்லை. நடந்து எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு.

அன்றைக்கு எனக்கு அந்தக் கடைப்பக்கம் பார்க்கத் தோன்றவே இல்லை. கூடையில் என்ன இருந்தது, அவன் என்ன சொன்னான், எதுவும் நினைவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் என்னைப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. அவளை நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கூப்பிட்டிருந்தால் கூடையை நடுத்தெருவில் வைத்துவிட்டு உங்களோடு வந்திருப்பேன். திரும்பி இங்கே வந்திருக்கவே மாட்டேன். நீங்கள் கூப்பிடாமல் போனது நல்லது. நான் உயிரோடு இருக்கும்வரை அதற்கு உங்களுக்கு நன்றி சொல்வேன்.

ஏன் அத்தான் கூப்பிடவில்லை?

உங்கள்,
ஹில்டா